துருப்பிடித்த ட்சுபாவும் நாய் கடிக்கும் மான்கொம்பும்

மான்கொம்பு வாங்கப் போன கடையில் "உங்கள் நாய் எவ்வளவு பெரியது?" என்று கேட்டார்கள். நாய் எதுவும் இல்லை, பழைய இரும்புத் தட்டு ஒன்றில் துரு சுரண்டத்தான் என்பதை என் அரைகுறை ஜப்பானிய மொழியில் விளக்க ஆரம்பித்தால் கடை மூடும் நேரம் வந்துவிடும் என்று தோன்றியதால், "நடுத்தரம்" என்று சொல்லிவிட்டு ஒரு சாண் நீளத் துண்டுடன் வெளியே வந்தேன். ஹொக்கைடோ மானின் கொம்பு. நாய்கள் கடித்து விளையாட விற்பது. நாலு மாதமாக மாலை வேளைகளில் நான் செய்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்கவில்லை. தங்கப் புள்ளி ஒன்றை நான் அழித்ததும் இதே கொம்பால்தான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஜப்பானிய வாளில் பிடிக்கும் அலகுக்கும் நடுவே ஒரு தட்டு இருக்குமே, அதுதான் ட்சுபா. (தமிழ் வழக்கப்படி 'சுபா' என்று எழுதினால் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவது போல ஆகிவிடுகிறது, அதனால் அந்த 'ட்' இருக்கட்டும்.) எதிராளியின் வாளைத் தடுக்கத்தான் இது என்று நானும் நினைத்திருந்தேன். தடுக்கும்தான். ஆனால் குத்தும்போது கை வழுக்கித் தன் அலகின் மேலேயே போய்விடாமல் நிறுத்துவதும், வாளின் எடையைக் கைப்பக்கம் கொஞ்சம் இழுத்து வைப்பதும் அதைவிடப் பெரிய வேலைகள். உறையில் இறுகியிருக்கும் வாளை முதலில் தளர்த்துவது, இடது கைக் கட்டைவிரலால் இதன் விளிம்பைத் தள்ளித்தான். எடோ காலத்தில் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை) போர் ஓய்ந்து வாள் இடுப்பில் செருகிக்கொள்ளும் அந்தஸ்தாக மாறியபோது, அலகு உறைக்குள் போய்விட்டது, வெளியே தெரிந்தது இந்தத் தட்டுதான். உள்ளங்கைக்குள் அடங்குகிற இந்த இடத்தில் மலை, அலை, கொக்கு, சிலந்திவலை, மழையில் நனைந்த குடை என்று என்னவெல்லாமோ வந்து உட்கார்ந்தது அப்படித்தான்.

என்னுடையதை வாங்கியது கியோட்டோவில். தோஜி கோயிலில் ஒவ்வொரு மாதமும் 21-ஆம் தேதி சந்தை கூடும். அந்தக் கோயிலை நடத்திய கோபோ தைஷி என்ற பௌத்தத் துறவி மறைந்தது 835-ஆம் ஆண்டு மூன்றாம் மாதம் 21-ஆம் நாள், அந்த நாளின் நினைவுதான் பழைய கிமோனோவும் ஊறுகாயும் பீங்கானும் விற்கிற சந்தையாக வளர்ந்திருக்கிறது. அக்டோபரில் போயிருந்தேன். ஒரு கடையில் பிஸ்கட் டப்பாவுக்குள் ஏழெட்டு ட்சுபாக்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன, எல்லாமே செங்கல் நிறத்தில். 6,000 யென் சொன்னார், 5,000-க்குக் கொடுத்தார். வாளை வைத்திருக்க இங்கே பதிவுச் சான்று வேண்டும், ட்சுபாவுக்கு வேண்டாம், அதனால் பயமில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறலாம்.

வாங்குவதற்கு முன் செய்த சோதனை இரண்டு. ஷூ லேஸ் ஒன்றில் கோத்துத் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினேன், அடித்து உருவாக்கிய இரும்பு மணி போல இழுத்து ஒலிக்கும், வார்ப்பு இரும்பு 'டொக்' என்று அடங்கிவிடும். இது ஒலித்தது. அப்புறம் பத்து மடங்கு லென்ஸை வைத்து வெட்டுத் துவாரங்களின் உட்சுவரைப் பார்த்தேன். போலிகளில் அச்சு சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும், குட்டிக் குட்டிக் குமிழ்க் குழிகள் இருக்கும். இதில் துருவுக்கு நடுவே அரத்தின் கீறல்கள் தெரிந்தன. மேற்பரப்பை யாரும் மழுப்பிவிடலாம், உட்சுவரில் உழைக்க ஏமாற்றுக்காரனுக்குப் பொறுமை இருக்காது.

அளவு: குறுக்களவு 7.6 செ.மீ., கனம் 4.5 மி.மீ., எடை 84 கிராம். கையொப்பம் இல்லை. தகட்டைக் குடைந்து உருவத்தை மட்டும் நிற்கவிடும் 'சுகாஷி' வேலை. துருவோடு பார்த்தபோது எனக்குப் புரிந்த காட்சி இது: கீழே ஒரு படகு, மேலிருந்து சாய்வாகக் கொட்டும் மழை. படகும் மழையும் என்று நோட்டுப் புத்தகத்தில் தலைப்பே எழுதிவிட்டேன்.

சரி, துரு. வீட்டுக்குப் போட்ட வீடியோ அழைப்பில் இதைக் காட்டியதும் அம்மா ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "புளியைக் கரைச்சு ராத்திரி ஊற வைடா, காலையில பளிச்னு இருக்கும்." பளிச்சென்று இருக்கும் என்பதுதான் பிரச்சினை. இரும்பில் இரண்டு துரு உண்டு. செந்துரு பொறுபொறுவென்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உள்ளே தின்றுகொண்டே போகும். கருந்துரு இறுக்கமாக ஒட்டிக்கொண்டு இரும்பைக் காக்கும். ட்சுபா செய்தவன் கடைசியில் வேண்டுமென்றே இரும்பைத் துருவேற்றித்தான் அந்தக் கருஞ்சாந்து நிறத்தைக் கொண்டுவந்திருக்கிறான், அதற்கு மேல் நூறு இருநூறு வருடம் கைகளும் துணிகளும் தேய்த்து மெருகேற்றியிருக்கின்றன. புளி, வினிகர், எலுமிச்சை எதற்கும் செந்துரு கருந்துரு வித்தியாசம் தெரியாது, இரண்டையும் கழுவிவிட்டு வெளிறிய சாம்பல் இரும்பைக் கையில் கொடுத்துவிடும். பழகிய தோசைக்கல்லை யாரோ விருந்தாளி நல்ல எண்ணத்தில் கம்பி நார் போட்டுத் தேய்த்து வைத்ததைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கருப்பு எண்ணெய்ப் படலம், இது இரும்பின் சொந்த ஆக்சைடு, வேதியியல் வேறு, வயிற்றெரிச்சல் ஒன்றுதான். கம்பி நார், உப்புத்தாள், பித்தளை பிரஷ், மின்பகுப்பு எல்லாவற்றையும் அதே காரணத்துக்காக ஒதுக்கினேன்.

மான்கொம்பு எதற்கு என்றால், அது செந்துருவை உடைக்கும் அளவுக்குக் கடினம், கருந்துருவைக் கீறும் அளவுக்குக் கடினம் இல்லை. இரும்பு அறுக்கும் ரம்பத்தால் அறுத்து நாலு துண்டாக்கினேன். அறுக்கும்போது முடி கருகும் நாற்றம், இரண்டு ஜன்னலைத் திறந்தும் போகவில்லை, டோக்கியோவின் நிஷி-கசாயில் எங்கள் மாடியில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ. ஒன்றை உளி மாதிரி சப்பையாக, ஒன்றைப் பென்சில் முனையாக, ஒன்றை நகம் போல வளைவாக அரத்தில் தேய்த்துக்கொண்டேன். நாலாவது உபரி.

முதல் வாரம் சுரண்டவே இல்லை. கமேலியா எண்ணெயை, ஜப்பானியர் தலைக்கும் சமையல் கத்திக்கும் தடவும் அதே எண்ணெயை, பஞ்சில் தொட்டு மெல்லிசாகத் தடவி மூடி வைத்தேன், இரண்டு நாள் கழித்துத் துடைத்தேன், மறுபடி தடவினேன். துணியில் ரசம் கொட்டியது போல ஒரு பழுப்பு. எண்ணெய் துருவின் அடியில் இறங்கினால் அப்புறம் கொம்பு பட்டதும் அது செதிலாகப் பெயரும். காய்ந்த துருவில் சுரண்டினால் மாவாக உதிருமே தவிர வேர் அங்கேயே இருக்கும்.

இரண்டாவது வாரத்திலிருந்து தினமும் இருபது நிமிடம். அதற்கு மேல் செய்தால் கை அவசரப்படுகிறது. அகலமான விளிம்பில் உளி முனை, தகட்டின் முகத்தில் சப்பை, புல்லிதழ் போல நீண்ட மெல்லிய கம்பிகளுக்கு நடுவே மூங்கில் குச்சி. சுகாஷியின் உட்சுவர்களுக்கு எதுவும் சரியாகப் போகவில்லை, கடைசியில் பருத்தி நூலை நாலாக முறுக்கி எண்ணெயில் நனைத்துத் துவாரத்துக்குள் விட்டு இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தேன், தயிர் கடையும் கயிறு மாதிரி. இது நன்றாக வேலை செய்தது.

நடுவில் வாளின் தண்டு நுழையும் முக்கோணத் துவாரம் இருக்கிறது, அதன் மேலும் கீழும் செம்புத் துண்டு அடைத்திருந்தது. இதற்கு செகிகானே என்று பெயர். ட்சுபாவை ஒரு வாளிலிருந்து எடுத்து வேறு வாளில் போடும்போது துவாரம் பெரிதாக இருந்தால் மெதுவான செம்பை அடைத்து அந்தத் தண்டுக்கு ஏற்றபடி அராவிக்கொள்வார்கள். அதைச் சுற்றி உளியால் அடித்த தழும்புகளும் உண்டு, இரும்பைக் கொஞ்சம் உள்பக்கம் நசுக்கி இறுக்க. ஆக இந்தத் தட்டு ஒன்றுக்கு மேற்பட்ட வாளில் இருந்திருக்கிறது. செம்பின் மேலிருந்த பச்சையும் கருப்பும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். துவாரத்தின் இரு பக்கமும் இன்னும் இரண்டு ஓட்டை: அரைவட்டமாக இருப்பது கொஸுகா என்ற சிறு கத்திக்கு, மூன்று இதழ் போல வளைந்தது கோகாய் என்ற முடி கோதும் ஊசிக்கு. இரண்டும் உறையின் பக்கவாட்டில் செருகியிருக்கும், ட்சுபா வழிவிடாவிட்டால் எடுக்க முடியாது.

ட்சுபாவின் இரண்டு முகத்திலும் ஒட்டி உட்காரும் மெல்லிய வாஷருக்கு செப்பா என்று பெயர். ஆபீசில் கெடு நெருங்கும்போதெல்லாம் 'செப்பா ட்சுமாரு' என்று ஒரு சொல் காதில் விழும், முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டோம் என்ற அர்த்தத்தில். செப்பா இறுகிப்போய் வாளை உருவ முடியாத நிலை என்பது அதன் மூலம் என்பது எனக்கு இந்த வாஷரைப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது. தேர்தல் செய்திகளில் வரும் 'ட்சுபாசெரிஆய்' இன்னும் நேரடி, இரண்டு வாள்களின் ட்சுபா முட்டிக்கொண்டு யாரும் விலக முடியாமல் நிற்பது, நம் பத்திரிகைகளில் 'இழுபறி' என்று போடுவோமே அது.

மூன்றாவது வாரக் கடைசியில், ஒரு புல்லிதழின் நுனியில் துருச் செதில் பெயர்ந்ததும், அடியில் மஞ்சளாக ஏதோ மின்னியது. பித்தளைத் தூள் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன். லென்ஸில் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வட்டப் புள்ளி, தங்கம். அன்றைக்கு இருபது நிமிடக் கணக்கு ஒரு மணி நேரமாகிவிட்டது. அடுத்த பத்து நாளில் முன்முகத்தில் ஏழு புள்ளிகள் கண்டேன், எல்லாமே இதழ்களின் மேல் சொட்டுச் சொட்டாக. மழைத்துளி என்று சந்தோஷமாக எழுதி வைத்தேன். படகு, மழை, மழைத்துளி, கதை பொருந்துகிறதே.

அந்த ஏழாவது புள்ளியில்தான் தவறு செய்தேன். துரு அதன் மேல் பாதி மூடியிருந்தது, மீதியையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் எண்ணெய் ஊறப் பொறுக்காமல் கொம்பு முனையைத் துருவின் அடியில் கொடுத்து நெம்பினேன். செதில் வந்தது, தங்கமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு நொடிதான். கையில் பார்த்தால் துரு மட்டும்தான் தெரிந்தது, தங்கம் எங்கே போனது என்றுகூடத் தெரியவில்லை, மேஜை விரிப்பை உதறாமல் லென்ஸோடு அரை மணி நேரம் தேடினேன்.

அந்த இடத்தை மறுநாள் பார்த்தபோது, இரும்பில் மிக நெருக்கமான கீறல்கள், ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொண்டு, துணியின் நெசவு போல. நுனோமே ஸோகான் என்ற வேலை இது. 'நுனோமே' என்றாலே துணியின் நெசவுத் தடம்தான். கூரிய உளியால் இரும்பின் மேல் பல திசைகளில் நுண்ணிய கோடுகள் போட்டால் பரப்பு முழுக்கக் குட்டி முட்களாகிவிடும், அதன் மேல் தங்கத் தகட்டை வைத்துத் தட்டினால் முட்கள் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். பசையோ பற்றோ கிடையாது. வடஇந்தியாவில் வாள்பிடிகளில் செய்யும் கோஃப்ட்காரியும் இதே முறைதான். தடிமனான தங்கத்தைக் குழி தோண்டிப் பதித்திருந்தால் நான் நெம்பியதற்கு அசைந்திருக்காது. இது முட்களின் மேல் நிற்கும் தகடு, முட்களைத் துரு தின்றுவிட்டால் தகட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்தத் துருவேதான். வாங்கியபோது நான் கம்பி பிரஷை எடுத்திருந்தால் ஏழும் போயிருக்கும், இருந்தன என்றே எனக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் அந்த ஒன்று போனது போனதுதான், புதுத் தங்கம் வைக்கும் எண்ணம் இல்லை. மீதி ஆறையும் சுற்றி ஒரு மில்லிமீட்டர் துருவை அப்படியே விட்டுவிட்டேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது.

டிசம்பரில் ரியோகோகுவில் இருக்கும் வாள் அருங்காட்சியகத்துக்குப் போனேன். 2018-இல் யோயோகியிலிருந்து அங்கே மாறிய கட்டடம், பக்கத்தில் அழகான தோட்டம் ஒன்று. ஓய்வு இருக்கையில் உட்கார்ந்து என் ட்சுபாவின் படத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு என் போனைத் தலைகீழாகத் திருப்பினார். போன் புத்திசாலித்தனமாகப் படத்தையும் கூடவே திருப்பிவிட்டது. மறுபடி திருப்பினார், அது மறுபடி திருப்பியது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், அப்புறம் நான் சுழற்சியை நிறுத்தினேன்.

தண்டுத் துவாரத்தின் கூர் முனை மேலே இருக்க வேண்டும். கட்டானா என்ற நீண்ட வாளை வெட்டும் விளிம்பு மேலே பார்க்கத்தான் இடுப்பில் செருகுவார்கள், எனவே ட்சுபாவும் அப்படித்தான் பார்க்கப்படும். நான் இரண்டு மாதமாகத் தலைகீழாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக வைத்ததும் படகு அரை நிலாவாகி மேலே வளைந்தது, மழை புல்லாகிக் கீழிருந்து எழுந்தது, துளிகள் பனித்துளிகள் ஆயின. "முசாஷினோ" என்றார் பெரியவர். டோக்கியோ எழுவதற்கு முன்பு இங்கே இருந்த சமவெளியின் பெயர். கண்ணுக்கெட்டும் தூரம் நாணல் போன்ற சுசுகி புல், நிலா மறைய ஒரு மலைகூட இல்லாததால் புல்லிலிருந்து எழுந்து புல்லிலேயே அடையும் என்று பழைய கவிதை மரபு. மடிப்புத் திரைகளிலும் கிமோனோவிலும் மைப்பெட்டிகளிலும் திரும்பத் திரும்ப வருகிற காட்சி. நான் தினமும் மெட்ரோவில் நெரிபட்டுப் போகும் நிலம்தான் அது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

எடோவில், அதாவது பழைய டோக்கியோவில், வேலை செய்த இட்டோ வழியினர் இது போன்ற சன்னமான இரும்பு அறுப்பு வேலைக்குப் பேர் போனவர்கள், அந்தக் கைப்பாணிதான் இது என்று பெரியவர் சொன்னார். நான் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை, கையொப்பம் இல்லாத தட்டுக்கு ஊர்ப்பெயர் போட ஆசைப்படாதவர் யார். மேலே மாடியில் கண்ணாடிக்குள் இருந்தவை வேறு உலகம். செம்போடு சில சதவீதம் தங்கம் கலந்து வேகவைத்தால் காக்கைச் சிறகு போல நீலக் கருப்பாகும் ஷகுடோ, அதன் மேல் மீன் சினை போல வரிசை பிசகாமல் குத்திய ஆயிரக்கணக்கான புள்ளிகள். வேலைத் திறமைக்கு வாய் பிளக்கலாம். ஆனால் எனக்கு இரும்புதான் பிடித்திருக்கிறது. ஷகுடோ தட்டு தன்னைக் காட்டிக்கொண்டே இருக்கிறது, இரும்பு வெளிச்சத்தைச் சாய்த்தால்தான் ஏதாவது சொல்கிறது. பெரியவருக்கு இந்தக் கருத்தில் உடன்பாடு இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இவ்வளவு ட்சுபாக்கள் வாள் இல்லாமல் தனியாகக் கிடப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு: 1876 மார்ச்சில் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. ஒரே அடியில் இந்தத் தொழிலுக்கு வேலை போயிற்று. கானோ நத்சுவோ (1828–1898) போன்ற பெரிய கை அதற்குச் சில வருடம் முன்பே புதிய நாணயச்சாலைக்குக் காசு வடிவமைக்கப் போயிருந்தது, பலர் ஏற்றுமதிக்குப் பூச்சாடி செய்தார்கள், ட்சுபாக்கள் கழற்றப்பட்டு மூட்டை மூட்டையாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயின. 1945-க்குப் பின் ஆக்கிரமிப்புப் படை வாள்களை ஒப்படைக்கச் சொன்னபோது இன்னொரு சுற்று. அப்படிப் பிரிந்தவைதான் பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன.

ஜனவரியில் துரு பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் அது இருந்த இடங்கள் வெளிறிய பழுப்புத் திட்டுகளாகத் தெரிந்தன. இங்கேதான் தேநீர் ஆசை வந்தது. குமாமோட்டோவில் ஹிகோ ஸோகான் (இரும்பில் தங்கம் பதிக்கும் வேலை) நகை செய்பவர்கள் இரும்பைத் துருவேற்றிய பிறகு தேநீரில் கொதிக்கவைத்துத் துருவை நிறுத்திக் கருப்பாக்குகிறார்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கருமையாகும், நம் ஊரில் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மையும் துணிச்சாயமும் செய்த அதே சங்கதி. நேரடியாக இதில் இறங்கப் பயந்து, முன்பு 800 யென்னுக்கு ஏமாந்து வாங்கிய வார்ப்புப் போலி ஒன்றைத் துரு கிளப்பி, திக்கான பச்சைத் தேநீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். கருப்பாயிற்று, உண்மை. ஆனால் பெயின்ட் அடித்த கேட் மாதிரி ஒரே சீரான கருப்பு. என்னுடையதில் கருப்புக்கு அடியில் கத்தரிக்காய்த் தோல் போல ஒரு ஊதா இருக்கிறது, விளிம்பில் கை பட்டுத் தேய்ந்த இடத்தில் அது இன்னும் ஆழம். தேநீர் போட்டால் அதுவும் மூடிப்போகும். அடுப்பை அணைத்துவிட்டேன், பாத்திரத்தை மட்டும் இன்னும் சமையலுக்கு எடுக்க மனசு வரவில்லை.

பிறகு செய்தது ஒன்றுதான்: பழைய வேட்டித் துண்டை நாலாக மடித்து, எண்ணெய் இல்லாமல், டிவி பார்க்கும்போது தேய்ப்பது. தங்கப் புள்ளிகள் பக்கம் போகாமல் விளிம்பும் நிலாவும் பின்முகமும் மட்டும். டோக்கியோ குளிர்காலம் காய்ந்த காற்று, இந்த வேலைக்கு நல்ல பருவம். பிப்ரவரி முடிவில் திட்டுகள் மறையவில்லை, ஆனால் தேடினால்தான் தெரியும் என்ற அளவுக்கு அடங்கியிருந்தன. கிரி மரப் பெட்டி ஒன்று வாங்கி உள்ளே வைத்தேன். ஈரம் ஏறி இறங்குவதை அந்த மரம் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும், விலையும் அதிகமில்லை.

ஜூனில் மழைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நிலாவுக்கு அடியில், மூன்றாவது புல்லிதழ் தகட்டோடு சேரும் உள்மூலையில், மிளகாய்த்தூள் தூவியது போல ஒரு சிவப்பு. கொம்பின் பென்சில் முனையை மறுபடி தேய்த்துக் கூராக்கியிருக்கிறேன். இந்த முறை எண்ணெய் தடவி இன்றோடு ஐந்து நாள் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் தொடுவதாக இல்லை.